அற்புதமும் ஆறு மாச மாத்திரையும்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த விஷயம் இது. மதம் பத்தி எழுதினா ரெண்டு பக்கமும் மொத்து விழும். நாத்திக நண்பர்கள் "இன்னுமாய்யா இதையெல்லாம் நம்பறே?"ன்னு கேப்பாங்க. சபைக்காரங்க "உனக்கு விசுவாசம் பத்தல, பிரதர்"ம்பாங்க. ரெண்டு தரப்பும் கடைசி வரைக்கும் படிச்சுட்டு அப்புறமா வீட்டுக்கு ஆட்டோ அனுப்புங்க :-)

முதல்லயே என் நிலைமையைச் சொல்லிடறேன். நான் கத்தோலிக்கக் கிறிஸ்தவன். ஞானஸ்நானம் ராயபுரத்துல, குடியிருக்கிறது தண்டையார்பேட்டையில, சோறு போடறது துறைமுகத்துச் சரக்கு கிளியரிங் வேலை. ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போறவன். அற்புதமே கிடையாது, எல்லாம் கட்டுக்கதைன்னு சொல்றதுக்காக இந்தப் பதிவு இல்ல. அற்புதத்தைத் தேடி ஓடற திருச்சபை, இந்த வட சென்னையில தன் கைக்குக் கிடைச்ச வேலையைக் கீழ போட்டுட்டு ஓடுதுங்கறதுதான் என் வருத்தம்.

ராயபுரத்துலேர்ந்து திருவொற்றியூர் நெடுஞ்சாலையில எண்ணூர் வரைக்கும் ஒரு தடவை பஸ்ல போய்ப் பாருங்க. சினிமா போஸ்டருக்கும் கட்சி போஸ்டருக்கும் நடுவுல கண்டிப்பா ஒரு 'சுகமளிக்கும் கூட்டம்' போஸ்டர் இருக்கும். கோட் போட்ட ஒருத்தர், கையில மைக், கீழ வியாதிகள் பட்டியல். புற்றுநோய், சர்க்கரை, குழந்தையின்மை, கடன் தொல்லை. (கடன் எப்படி வியாதி ஆச்சுன்னு கேக்காதீங்க, எங்க ஏரியாவுல அது வியாதிதான்.) இது ஏதோ 'அல்லேலூயா சபை' சமாச்சாரம் மட்டும்னு எங்க ஆளுங்க தப்பிச்சுக்க முடியாது. எங்க பங்குகள்லயும் குணமளிக்கும் தியானம், குணமளிக்கும் வழிபாடுன்னு நோட்டீஸ் வருது. முன்ன சாட்சி சொல்றதை சிடியில வித்தாங்க, இப்ப யூடியூப்ல ஓடுது. சரக்கு அதேதான்.

எங்க தெருவுல நடந்தது ஒண்ணு சொல்றேன். பேர் வேண்டாம். காசிமேடு பக்கம் ஐஸ் பேக்டரியில வேலை பாத்த ஒரு அண்ணன். 2012-ல இருமல் நிக்காம போய், சளி டெஸ்ட் எடுத்து, டி.பி.ன்னு சொல்லிட்டாங்க. கவர்மென்ட் மாத்திரை, இலவசம். ஆறு மாசம் விடாம போடணும். இந்த மாத்திரையில ஒரு வில்லங்கம் என்னன்னா, ரெண்டு மாசத்துலயே உடம்பு தேறிடும். இருமல் நிக்கும், பசி எடுக்கும், எடை ஏறும். ஆனா கிருமி முழுசா செத்திருக்காது. அந்த நேரத்துல மாத்திரையை நிறுத்தினா, தப்பிச்ச கிருமி அதே மருந்துக்கு அசராத கிருமியா திரும்பி வந்து நிக்கும்.

அண்ணனுக்கு இருமல் நின்ன நேரமும் பக்கத்து மைதானத்துல கூட்டம் நடந்த நேரமும் ஒண்ணாப் போச்சு. மேடைக்கு ஏத்தினாங்க. தலையில கை வச்சு ஜெபம் பண்ணினாங்க. "இனிமே மாத்திரை போட்டா அது அவிசுவாசம்"னு யாரோ சொல்லியிருக்காங்க. மைக்ல சொன்னதா, மேடைக்குப் பின்னால சொன்னதா, எனக்கு அது முக்கியமில்ல. வீட்டுக்கு வந்து மாத்திரையைத் தூக்கிப் போட்டுட்டார். "தம்பி, எனக்கு சுகமாயிடுச்சு"ன்னு எங்கிட்ட சொன்னப்ப அந்த முகத்துல இருந்த சந்தோஷத்தை நான் இன்னும் மறக்கல.

நாலு மாசம். மறுபடியும் இருமல், இந்தத் தடவை ரத்தத்தோட. மருந்துக்கு மசியாத டி.பி.ன்னு ரிப்போர்ட் வந்துச்சு. அன்னிக்கு இருந்த முறைப்படி ரெண்டு வருஷ வைத்தியம், அதுல பல மாசம் தினமும் ஊசி. அந்த ஊசியில காது போகலாம்னு டாக்டர் முன்னாடியே சொன்னார், ஒரு காது போயிடுச்சு. வேலையும் போச்சு. உயிர் மட்டும் தப்பிச்சுது. சாட்சி மட்டும் சிடியில அப்படியே பத்திரமா இருந்துச்சு. "நான் சுகமானேன்"னு அதுல அவர் சிரிச்சுக்கிட்டே இருப்பார்.

அந்த ரெண்டு வருஷமும் அவர் வீட்டுப் படியேறினது யார்? மேடையில கை வச்சவர் ஒரு நாளும் வரல. தினமும் வந்தது ஒரு சுகாதார ஊழியர் அக்கா. நெத்தி நிறைய குங்குமம். வாசல்லேர்ந்தே "அண்ணே, சாப்பிட்டாச்சா? மாத்திரையை என் கண்ணு முன்னாடி போடுங்க"ன்னு அதட்டுவாங்க. அரிசி, பருப்பு கொண்டு வந்து போட்டது எங்க பங்கு வின்சென்ட் தே பால் சபைக்காரங்க, நாலு பேர், எல்லாம் ரிட்டயர்ட் ஆளுங்க. அவங்களுக்கு போஸ்டரும் கிடையாது, மைக்கும் கிடையாது.

இப்ப ஒரு கேள்வி வரும். "அப்போ பைபிள்ல இயேசு செஞ்ச அற்புதமெல்லாம் என்ன?" நியாயமான கேள்வி. அந்த அற்புதங்களை போஸ்டர் இல்லாம, மைக் இல்லாம திரும்ப ஒரு தடவை படிச்சுப் பாருங்கன்னுதான் நான் சொல்வேன்.

மாற்கு நற்செய்தி முதல் அதிகாரத்துல ஒரு தொழுநோயாளி வர்றான். இயேசு முதல்ல செய்யற காரியம் அவனைத் தொடறது. அந்தக் காலத்துல யாருமே தொடாத ஆளு. அடுத்து ரெண்டு கட்டளை. ஒண்ணு, இதை யார்கிட்டயும் சொல்லாதே. ரெண்டு, நேரா குருகிட்ட போய் உடம்பைக் காட்டு. அந்த ஊர் சட்டப்படி நோய் போயிடுச்சான்னு பாத்து ஊருக்குள்ள சேத்துக்க அனுமதி கொடுக்கறவர் குருதான். நம்ம பாஷையில சொன்னா, விளம்பரம் பண்ணாதே, போய் டெஸ்ட் எடுத்து ரிசல்ட் வாங்கிக்கோ. எங்க ஏரியா கூட்டங்கள்ல இந்த ரெண்டும் அப்படியே தலைகீழா நடக்குது. ஊரெல்லாம் சொல்லு, டெஸ்டுக்குப் போகாதே!

ஐந்தாம் அதிகாரத்துல யாயீர்ங்கறவரோட பொண்ணு. செத்துட்டான்னு ஊரே அழுதுக்கிட்டிருக்கு. அவளை எழுப்பினதும் மறுபடியும் அதே பேச்சு, யாருக்கும் தெரிய வேண்டாம். அதுக்கப்புறம் அவர் சொல்றது, பொண்ணுக்கு சாப்பிட ஏதாவது கொடுங்கன்னு. எனக்கு பைபிள்ல ரொம்பப் பிடிச்ச இடங்கள்ல இதுவும் ஒண்ணு. செத்தவளை எழுப்பினவருக்கு அந்த நேரத்துலயும் பிள்ளை பசியோட இருப்பாளேங்கற நினைப்பு.

மத்தேயுவுக்கு வாங்க. ஏழாம் அதிகாரத்துல கடைசி நாள்ல ஒரு கூட்டம் வந்து, உம்ம பேரைச் சொல்லி எத்தனை அற்புதம் செஞ்சோம்னு பட்டியல் போடுது. உங்களை எனக்குத் தெரியவே தெரியாதுன்னு பதில் வருது. இருபத்தஞ்சாம் அதிகாரத்துல கடைசித் தீர்ப்பு. அங்க கேக்கற கேள்விகள் சோறு, தண்ணி, துணி, ஊர் பேர் தெரியாதவனுக்கு இடம், நோயாளியையும் ஜெயில்ல இருக்கறவனையும் போய்ப் பாத்தியாங்கறது. அவ்வளவுதான். அற்புதத்துக்கு அங்க மார்க்கே கிடையாது. நல்ல சமாரியன் கதையிலயும் அற்புதம் இல்ல. காயத்துக்கு எண்ணெய், கட்டு, சத்திரத்துல ரெண்டு நாள் கூலிக்குச் சமமான அட்வான்ஸ், பாக்கி பில்லை திரும்பி வர்றப்ப கட்டறேன்ங்கற வாக்கு. ஒரு ஆஸ்பத்திரி நடத்தத் தேவையான எல்லாமே அதுல இருக்கு.

ராயபுரத்துக்காரன்ங்கறதால இன்னொண்ணும் சொல்லணும். எங்க ஊர் பேரே இராயப்பர்ங்கற பேர்லேர்ந்து வந்ததும்பாங்க. இராயப்பர்னா பழைய தமிழ்க் கிறிஸ்தவ வழக்குல புனித பேதுரு, மீன் பிடிக்கற மனுஷன். அவர் பேர்ல இங்க இருக்கற கோவில் படகுத் தொழிலாளிங்க தங்கள் காசுல கட்டினது. திருத்தூதர் பணிகள் மூணாம் அதிகாரத்துல இந்த பேதுருகிட்ட கோவில் வாசல்ல ஒரு முடவன் பிச்சை கேக்கறான். எங்கிட்ட காசு இல்லப்பான்னு சொல்லிட்டு பேதுரு சும்மா போயிடல, வலது கையைப் பிடிச்சுத் தூக்கி விடறார். நம்ம ஆளுங்க இந்தக் கதையில கால் சரியானதை மட்டும் போஸ்டர்ல போடறாங்க. கையைப் பிடிச்சதை விட்டுடறாங்க. கால் சரியாகறது நம்ம கையில இல்ல. கையைப் பிடிக்கறது?

இதே ராயபுரத்துல மேற்கு மாதா கோவில் தெருவுல அன்னை தெரசாவோட சிஸ்டர்கள் நடத்தற நிர்மலா சிசு பவன் இருக்கு. நீலக்கரை வெள்ளைப் புடவை எங்க ஏரியாவுக்குப் பழக்கமான காட்சி. அதனால தெரசாவுக்குப் புனிதர் பட்டம் கொடுத்த கதையையும் கொஞ்சம் பேசணும். அதுலயும் டி.பி. வருது!

தெரசா இறந்தது 1997 செப்டம்பர் 5. சரியா ஒரு வருஷம் கழிச்சு, 1998 செப்டம்பர் 5 அன்னிக்கு, மேற்கு வங்காளத்துல ஒரு பழங்குடிப் பெண்ணோட வயித்துல இருந்த கட்டி, தெரசாவோட பதக்கத்தை வயித்து மேல வச்சு ஜெபிச்சதும் மறைஞ்சு போச்சுன்னு சொன்னாங்க. வத்திக்கான் அதை ஏத்துக்கிட்டு 2003 அக்டோபர் 19 அன்னிக்கு அருளாளர் பட்டம் கொடுத்தது. வைத்தியம் பாத்த அரசு டாக்டர்கள் அப்பவே மறுத்தாங்க. அது டி.பி.யால வந்த கட்டி, மாசக்கணக்கா நாங்க கொடுத்த மருந்துல கரைஞ்சதுன்னு சொன்னாங்க. அப்புறம் பிரேசில்ல ஒருத்தருக்கு மூளையில இருந்த சீழ்க்கட்டிகள் 2008-ல குணமானதை ரெண்டாவது அற்புதமா ஏத்துக்கிட்டு, 2016 செப்டம்பர் 4-ல புனிதர் பட்டம் கொடுத்தாங்க.

திருச்சபை பக்கம் என்ன நியாயம்னா, அற்புதம்ங்கறது அந்த ஆளு கடவுள்கிட்ட இருக்கார்ங்கறதுக்கு மேலேர்ந்து வர்ற ஒரு கையெழுத்து. அதனாலதான் டாக்டர் குழு, விசாரணைன்னு வருஷக்கணக்கா அலசறாங்க. அந்த நிதானத்தை நான் மதிக்கிறேன். மைதான மேடையில ஒரு நிமிஷத்துல தீர்ப்பு சொல்றவங்களைவிட அது ஆயிரம் மடங்கு மேல். ஆனாலும் எனக்கு ஒரு உறுத்தல். கல்கத்தா நடைபாதையில செத்துக்கிட்டிருந்தவங்களை ஒரு பொம்பளை பல வருஷம் தூக்கிட்டு வந்து படுக்க வச்சிருக்காங்க. அதுக்கப்புறமும் ஒரு வயித்துக் கட்டி கரைஞ்சாத்தான் புனிதர்னா, எது பெரிசுன்னு ஜனங்களுக்கு என்ன பாடம் போகும்? அந்தக் கட்டி மாத்திரையில கரைஞ்சிருந்தா அதுல கடவுளுக்கு என்ன குறைச்சல் வந்துடும்?

அதோட இன்னொரு பக்கத்தையும் மறைக்காம சொல்லணும். 1994-ல லான்செட் மருத்துவ இதழோட ஆசிரியர் ராபின் ஃபாக்ஸ், கல்கத்தா காளிகாட் இல்லத்தை நேர்ல பாத்துட்டு எழுதினார். அன்பான பராமரிப்பு இருக்கு, ஆனா நோயைச் சரியா கண்டுபிடிக்கற முறையும் இல்ல, வலிக்கு வலுவான மருந்தும் இல்லைன்னு. தெரசா பக்தர்களுக்குக் கோபம் வந்தது. எனக்கு அது கோபப்பட வேண்டிய விஷயமா தெரியல, கத்துக்க வேண்டிய விஷயமா தெரியுது. இரக்கம் மட்டும் போதாது. இரக்கத்துக்கு வைத்தியமும் தெரிஞ்சிருக்கணும்.

அப்படி வைத்தியம் தெரிஞ்ச இரக்கம் ஒண்ணு எங்க ஏரியாவுக்கு 1888-லயே கப்பல் ஏறி வந்திருக்கு. டாக்டர் அலெக்ஸாண்ட்ரினா மாடில்டா மக்ஃபெயில். ஸ்காட்லாந்துல ஸ்கை தீவுல பொறந்தவங்க. பொம்பளைங்களை டாக்டருக்குப் படிக்க விடறதே பெரிய சண்டையா இருந்த காலத்துல லண்டன் பெண்கள் மருத்துவப் பள்ளியில படிச்சவங்க. ஸ்காட்லாந்து சபை அனுப்பி மெட்ராஸ் வந்து, ராயபுரத்துல ஒரு சின்ன மருந்தகமா ஆரம்பிச்சாங்க. ஆம்பிளை டாக்டர்கிட்ட உடம்பைக் காட்டறதைவிட சாகறது மேல்னு பொம்பளைங்க நினைச்ச காலம் அது. பிரசவத்துல, காய்ச்சல்ல அப்படியே போய்ச் சேருவாங்க. அவங்களுக்காகத்தான் இந்த அம்மா வந்தாங்க. அந்தச் சின்ன வேலை வளர்ந்து 1914-ல பழைய வண்ணாரப்பேட்டையில ஆஸ்பத்திரியா எழும்பிச்சு. அதுதான் நம்ம ரெய்னி ஆஸ்பத்திரி. இன்னிக்கு சி.எஸ்.ஐ. நடத்துது. (எழுப்புதல்னா எழுப்புதல் கூட்டம் மட்டும்தான்னு நினைக்கறவங்க ஜி.ஏ. ரோடு பக்கம் போய் இந்தக் கட்டடத்தையும் ஒரு தடவை பாத்துட்டு வாங்க.) வேலூர் ஐடா ஸ்கடரை எல்லாருக்கும் தெரியும். அவங்க வேலூர்ல ஆரம்பிச்சது 1900-ல. அதுக்கு 12 வருஷம் முன்னாடியே ராயபுரத்துல ஒருத்தர் ஆரம்பிச்சாச்சு. எங்க ஏரியா ஆளுங்களுக்கே இது தெரியாது.

சரி, சேவைன்னா கிறிஸ்தவங்கதான்னு நான் மார் தட்டறதா நினைச்சுடாதீங்க. மக்ஃபெயில் வர்றதுக்கு நூறு வருஷம் முன்னாடி, 1782-ல, ஹைதர் அலி சண்டையும் பஞ்சமும் சேந்து ஊர் ஊரா ஜனங்க மெட்ராஸுக்கு ஓடி வந்தப்ப, மணியக்காரர் ஒருத்தர் கஞ்சி ஊத்த ஆரம்பிச்சார். அதுதான் மணியக்காரர் சத்திரம். வெள்ளைக்காரன் வாயில 'மானிகர் சௌல்ட்ரி' ஆச்சு. கஞ்சி ஊத்தின இடத்துல நோயாளிகளையும் பாக்க ஆரம்பிச்சு, அது ஆஸ்பத்திரி ஆகி, மருத்துவப் பள்ளி ஆகி, 1938-ல ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி ஆச்சு. பழைய ஆளுங்க அதை 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி'ன்னுதான் சொல்லுவாங்க. ஐஞ்சு அப்பத்தை ஐயாயிரம் பேருக்குப் பங்கு வச்ச கதையை ஞாயித்துக்கிழமை கேக்கறப்பல்லாம் எனக்கு அந்தக் கஞ்சித்தொட்டி ஞாபகம்தான் வரும். அந்தக் கதையிலயும் சீடர்கள், கூட்டத்தை அனுப்பிடலாம், அவங்கவங்க வாங்கிச் சாப்பிடட்டும்னு நழுவப் பாக்கறாங்க. இயேசு விடல, நீங்களே போடுங்கங்கறார். பேர் தெரியாத அந்த மணியக்காரருக்கு யாரும் சொல்லவே வேண்டியிருக்கல.

டி.பி. விஷயத்துலயே சென்னையில இன்னொரு பெரிய காரியம் நடந்திருக்கு. டி.பி.ன்னா சானடோரியத்துல படுக்க வச்சு, நல்ல காத்து, நல்ல சாப்பாடு, ஓய்வு கொடுத்தாத்தான் தேறும்னு உலகமே நினைச்ச காலம். 1956-ல மெட்ராஸ்ல ஆரம்பிச்ச ஆராய்ச்சி மையம் (சேத்துப்பட்டுல இன்னிக்கும் வேற பேர்ல இருக்கு), ஒரு பாதி நோயாளிகளை சானடோரியத்துலயும் இன்னொரு பாதியை அவங்க குடிசையிலயே மாத்திரை கொடுத்தும் பாத்தது. 1959-ல முடிவு வந்துச்சு. ஒழுங்கா மாத்திரை போட்டா, நெரிசலான வீட்டுல, அரைகுறை சாப்பாட்டுல இருந்தாலும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குணமாகறாங்க. உலகம் பூரா டி.பி. வைத்தியம் மாறினதுல அந்த ஆராய்ச்சிக்குப் பெரிய பங்கு. சென்னை ஏழைகளோட உடம்புல கண்டுபிடிச்ச விஷயம். அதே சென்னையில ஒரு ஏழையை மாத்திரையை நிறுத்தச் சொல்றது எவ்வளவு பெரிய அநியாயம்!

இந்த இடத்துல எதிர்ப்பக்கத்துக்கும் காது கொடுக்கணும். ஜனங்க ஏன் மைதானத்துக்குப் போறாங்க? முட்டாளா? இல்லவே இல்ல. ஆஸ்பத்திரியில விடிகாலையிலேயே சீட்டு வாங்க நிக்கணும். ஒரு நாள் கூலி போகும். டாக்டர் நிமிர்ந்து பாக்கறதுக்குள்ள சீட்டு எழுதி முடிச்சுடுவார், அவரைச் சொல்லியும் குத்தமில்ல, பின்னால நூறு பேர். மைதானத்துல என்ன நடக்குது? ஒருத்தர் பேர் கேக்கறார். என்ன கஷ்டம்னு கேக்கறார். தலையில கை வைக்கறார். கூட சேந்து அழறார். ஐஸ் பேக்டரி அண்ணன் அந்தத் தொடுதலுக்காகத்தான் போனார்னு நான் நினைக்கிறேன். ஒரு வருஷமா பக்கத்துல உக்காந்து சாப்பிடக்கூட ஆள் இல்லாத மனுஷன். மைதானத்துக்காரங்க கொடுக்கற அந்தத் தொடுதல் நிஜம்தான். அதோட சேத்து ஒரு பொய்யையும் விக்கறாங்க பாருங்க, அங்கதான் எனக்குப் பத்திக்கிட்டு வருது. தொடுதலையும் மாத்திரையையும் ஒண்ணா கொடுக்கக்கூடிய இடம் திருச்சபை. மக்ஃபெயில் அதைச் செஞ்சு காட்டியாச்சு.

இன்னும் ஒரு படி மேல போகணும். நோய் வந்தப்புறம் கையைப் பிடிக்கறது சரி. நோய் எங்கேர்ந்து வருதுன்னு பாக்க வேண்டாமா?

எங்க வட சென்னையில நுரையீரலுக்கு எதிரி கிருமி மட்டும் இல்ல. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-ல ஓட ஆரம்பிச்சு 2017-ல மூடினாங்க. வட சென்னை அனல்மின் நிலையம் இன்னும் ஓடுது, அதோட சாம்பல் கொசஸ்தலை ஆத்துலயும் கழிமுகத்துலயும் போய்ச் சேந்த கதை மீனவங்களைக் கேட்டா தெரியும். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட மணலி சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து எண்ணெய் எண்ணூர் கழிமுகத்துல வந்து படிஞ்சப்ப, மீனவங்க மக்குல மொண்டு மொண்டு டிரம்முல ஊத்தினாங்க. அந்த நாத்தம் அடங்கறதுக்குள்ள, டிசம்பர் 26 நடுராத்திரி, பெரியகுப்பம் பக்கம் கோரமண்டல் உரத் தொழிற்சாலைக்கு அம்மோனியா கொண்டு வர்ற கடலடிக் குழாய்ல கசிவு. கண் எரிச்சல், மூச்சுத் திணறல்னு ஜனங்க குழந்தைகளைத் தூக்கிக்கிட்டு ரோட்டுக்கு ஓடி வந்தாங்க. ஐம்பது பேருக்கு மேல ஆஸ்பத்திரியில சேத்தாங்க. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ராத்திரி. 2004-ல சுனாமி வந்த அதே தேதி.

அதுக்கப்புறம் ஊர் ஊரா மீனவ ஜனங்க, பொம்பளைங்கதான் அதிகம், ஆலை வாசல்ல பந்தல் போட்டு வாரக்கணக்குல உக்காந்தாங்க. அதுவும் ஒரு சபை கூடுதல்தான்னு எனக்குப் பட்டுது. பிள்ளையோட நுரையீரலுக்காக ஆண்டவர்கிட்ட ஜெபிக்கலாம், தப்பே இல்ல. ஆனா அந்த நுரையீரலுக்குள்ள என்ன போகுதுன்னு கம்பெனி வாசல்ல போய்க் கேக்கறதும் ஜெபம்தான். ஜெபிச்சு முடிச்சு எழுந்திரிக்கற கால் எங்க நடந்து போகுதுங்கறதுலதான் விசுவாசம் தெரியும்.

சும்மா குறை மட்டும் சொல்லிட்டுப் போனா நல்லா இருக்காது. என் சின்னப் புத்திக்கு எட்டின மூணு விஷயம்.

ஒண்ணு, எந்த சபையா இருந்தாலும், குணமளிக்கும் கூட்டம் நடத்தினா ஜெபம் முடிஞ்சதும் மைக்ல ஒரு வரி சொல்லணும்: "மாத்திரையை நிறுத்தாதீங்க, டாக்டர் சொல்ற வரைக்கும் போடுங்க." இதுக்குக் காசு செலவில்ல, ஆண்டவரும் கோவிச்சுக்க மாட்டார். இதைச் சொல்ல மறுக்கற போதகரை விட்டு விலகிடுங்க.

ரெண்டு, சாட்சி சொல்றவங்களை ஆறு மாசம் கழிச்சு ஒரு தடவை வீட்டுல போய்ப் பாக்கணும். சுகமா இருந்தா சேந்து சந்தோஷப்படுங்க. இல்லேன்னா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போங்க. போய்ப் பாக்கற தெம்பில்லைன்னா அவங்களை மேடை ஏத்தாதீங்க.

மூணு, ஒவ்வொரு பங்குலயும் திருவிழாவுக்குச் செய்யற செலவுல ஒரு பங்கு, தெருவுல இருக்கற டி.பி. நோயாளிங்க சாப்பாட்டுக்குப் போகணும். எங்க பங்கு வின்சென்ட் தே பால் பெரியவங்க நாலு பேருக்கு அஞ்சாவதா ஒரு இளவட்டம் சேரணும். கொடியேத்தத்துக்குக் கயிறு பிடிக்க முப்பது பேர் வர்றாங்கப்பா, அரிசி மூட்டை பிடிக்க ஒருத்தன் வர மாட்டானா?

அற்புதத்துல நம்பிக்கை இருக்கான்னு என்னைக் கேட்டா, இருக்குன்னுதான் சொல்வேன். ஐஸ் பேக்டரி அண்ணன் வீட்டுக்கு ரெண்டு வருஷம், மழையில, வெயில்ல, ஒரு நாள் தவறாம ஒரு அக்கா வந்தாங்க. அவங்க சொந்தமும் இல்ல, நம்ம மதமும் இல்ல, பெரிய சம்பளமும் இல்ல. இதுக்கு மேல ஒரு அற்புதம் எனக்குக் காட்டுங்க, பாக்கலாம்.

டிஸ்கி: எந்த ஒரு சபையையும் தனியா குறி வச்சு எழுதினது இல்ல. தொப்பி யாருக்குப் பொருந்துதோ அவங்க போட்டுக்கலாம். உங்க ஊர்லயும் பேர் வெளிய தெரியாம ஒரு மக்ஃபெயில் அம்மாவோ கஞ்சித்தொட்டி மணியக்காரரோ இருந்திருப்பாங்க. அவங்களைப் பத்தி நீங்களும் எழுதுங்க, வந்து படிக்கிறேன்.